கல்லடிக் கடற்கரையில் பூமி நகரக் கண்ட காலை

நான் மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரில் வளர்ந்தவள். குருமண்வெளிக்குப் போகும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றே சொல்வோம். ஆறேழு வயதில் ஒருநாள் அம்மாவின் கையைப் பிடித்தபடி அதில் நின்றபோது, குலுக்கமின்றிப் பாதை நகர, துறையும் தென்னைகளும் எங்களை விட்டு விலகுவதாகக் கண்டு, "அம்மா, ஊர் போகுது" என்று அழுதுவிட்டேன்.

பல ஆண்டுகளின் பின், பண்டைய இந்திய வானியலாளர் ஆரியபட்டர் கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் இதே காட்சியைக் கண்டேன். முன்னே செல்லும் படகில் இருப்பவருக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கி நகர்வதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் இலங்கையில் மேற்கே செல்வதாகத் தெரிகின்றன என்கிறார். அக்கால வானியலார் இலங்கை என்றது நிலநடுக்கோட்டில் தாம் குறித்துக்கொண்ட ஒரு புள்ளியையே என்றாலும், அன்று பாதையில் அழுத பிள்ளைக்கே அவர் விளக்கம் சொல்வதுபோல் இருந்தது.

அதன் பிறகுதான் கல்லடிக் கடற்கரையில் பூமி நகர்வதை உணரும் பயிற்சியைத் தொடங்கினேன். விடியுமுன் கிழக்கே பார்த்து நின்று, கடலும் மணலும் நானும் ஒரு மாபெரும் பாதையில் ஏறி முன்னோக்கிச் சரிந்து போகிறோம் என்று மனத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் அகலாங்கில் பூமியின் சுழற்சி நம்மை மணிக்கு ஏறத்தாழ 1650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே கொண்டு செல்வதால், இது வெறும் கற்பனையும் அல்ல. ஆனால் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை, மேற்குக் கரையைப் படுவான்கரை என்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு இது எளிதில் கைகூடாது. எழுவதும் படுவதும் ஞாயிறுதான் என்று பிறந்த மண்ணின் பெயரே சொல்லித் தந்திருக்கிறது. நான்கு காலைகள் ஒன்றும் நிகழவில்லை. ஐந்தாம் நாள், செந்நிற விளிம்பு தெரிந்த கணத்தில், சூரியன் நிலைத்து நிற்க, அடிவானம் அதன் முன்னே மெல்லக் கீழிறங்கியது. என் கால்விரல்கள் தாமாகவே ஈர மணலை இறுகப் பற்றிக்கொண்டன.

பிள்ளைகளோடு போகிறவர்கள், முகிலில்லாத நாளில் விளிம்பு தெரிந்தவுடன் சட்டென்று மணலில் படுத்துப் பாருங்கள்; சூரியன் மறைந்து, சில வினாடிகளில் மீண்டும் உதிக்கும். விளிம்புக்கு மேல் வெளிவந்த பின் அதை உற்றுப் பார்க்க விடாதீர்கள்.

*

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: மண்டூர் அக்கா எழுதியதைப் படித்தபோது என் அனுபவமும் நினைவுக்கு வந்தது. ஓர் ஐப்பசி மாலையில் மேற்கே பிறை தோணிபோல் கிடந்தது. அன்றிரவு, தங்கை ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தனக்குப் பிறை நிமிர்ந்து நிற்கிறது என்றாள். இரு ஊர்களுக்கும் அகலாங்கில் ஏறத்தாழ 36 பாகை வேறுபாடு உண்டு; உருண்டைப் பூமியில் நாங்கள் நிற்கும் சாய்வும் அவ்வளவு வேறுபடும். மறுநாள் மாலை மேற்கே பார்த்தபடி அந்த அளவுக்குத் தலையை வலப்புறம், அதாவது வடக்கே சாய்த்தேன். பிறை நிமிர்ந்தது, என் உடல் அவள் நிற்கும் நிலத்தில் நிற்பதாகவே உணர்ந்தேன். அவளை இடப்புறம் சாய்ந்து பார்க்கச் சொன்னேன். சற்று மௌனத்தின் பின், "அண்ணா, தோணி தெரியுது" என்றாள்.