வெபர் போட்ட எம்ஜிபி: வாக்குவம் ஹோஸ்களை எந்த வழியாகக் கொண்டு போவது?

பாண்டி_ரோட்ஸ்டர்

வணக்கம். 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி. ஒரிஜினலாக இருந்த இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஒற்றை வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர், கூடவே லிஃப்ட் கூடின (வால்வை அதிகம் திறக்கும்) கேம், டியூபுலர் எக்ஸாஸ்ட் போட்டிருக்கிறேன். வேலை செய்த கடையில் இன்லெட் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கலவை போகும் குழாய்கள்) பின்பக்கக் குழாயில் இருக்கும் ஒரே நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் முனை) டீக்கு மேல் டீ (T வடிவக் கிளை) போட்டு பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடுவது), பிளாக்கிலிருந்து புகையை வெளியே விடும் பிரீதர் மூன்றையும் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஸ்லோ ஸ்பீடு ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. முருங்கப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரில் கால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிளக் கழற்றிப் பார்த்தால் 1, 2 நல்ல பழுப்பு நிறம், 3, 4 சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. அரியாங்குப்பம் பாலம் இறங்கும்போது பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தால் இரண்டாவது மிதி கல்லாகிவிடுகிறது. ஸ்லோவில் வாக்குவம் கேஜ் 11 இன்ச் (பாதரச அளவு) காட்டுகிறது, முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்த ஹோஸ் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் வரைந்து தந்தாலும் சரி.

ஓடி_அம்பாசடர்

தம்பி, கடலூர் ஓடியில் (ஓல்டு டவுன்) அம்பாசடர் வேலையே பார்த்து வளர்ந்தவன் நான். பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரும் உங்கள் வண்டியும் ஒரே பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த பிரீதரைக் கழற்றுங்கள், அது மாட்டியிருந்த டீயின் வாயை அடைத்துவிடுங்கள். இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இன்லெட் போர்ட் இரண்டுதான்: 1, 2க்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று. பின்பக்கக் குழாயில் எந்தக் காற்று கள்ளத்தனமாக நுழைந்தாலும் அது 3, 4க்குத்தான் போகும். உங்கள் பிளக்கின் வெளுப்பு அதைத்தான் காட்டுகிறது. பிசிவி வால்வு (பிரீதர் புகையை அளவாக உள்ளே விடுவது) இல்லாமல் பிரீதரை நேரடியாக மேனிஃபோல்டில் மாட்டினால் கார்புரேட்டர் கணக்கில் வராத காற்றும் எண்ணெய்ப் புகையும் நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எஸ்யூ இருந்தபோது பிரீதர் கார்புரேட்டரிலேயே மாட்டியிருக்கும், வெபரில் அதற்கு இடம் கிடையாது, அதனால் ஒரு கேட்ச் கேன் (எண்ணெய் பிடிக்கும் டப்பா) வைத்து அதன் தலையில் சின்ன ஃபில்டர் போடுங்கள், போதும்.

பூஸ்டருக்குத் தனி ஹோஸ். அதில் வேறு எதையும் டீ போடக் கூடாது, இது உயிர் விஷயம். இப்போது நீங்கள் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பூஸ்டரிலிருந்து வரும் காற்று அதே டீ வழியாக அட்வான்ஸையும் கலைக்கிறது, பிரீதரோ பூஸ்டருக்குச் சேர வேண்டிய வாக்குவத்தைத் தின்கிறது. கெட்டிச் சுவர் உள்ள பூஸ்டர் ஹோஸ்தான் வாங்க வேண்டும், சாதாரண தண்ணீர் ஹோஸ் உறிஞ்சும்போது தட்டையாகிவிடும். நடுவில் ஒன்-வே வால்வு, அம்புக்குறி இன்ஜின் பக்கம்.

இன்னொன்று, இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். உங்களிடம் டியூபுலர் வேறு. ஹோஸை மேனிஃபோல்டுக்குக் கீழே விடவே விடாதீர்கள், மேலே எடுத்து பல்க்ஹெட்டை (இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவர்) ஒட்டிக் கொண்டு போய் இரண்டு இடத்தில் பி-கிளிப் அடியுங்கள். லீக் தேடுகிறேன் என்று சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடிக்காதீர்கள், அந்தப் பக்கம் முழுக்க நெருப்பு. ஹோஸை ஒவ்வொன்றாக பிளேயரில் துணி வைத்து நசுக்கிப் பாருங்கள், எதை நசுக்கும்போது ஆர்பிஎம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டே ஓட்டலாம், வெபர் போட்ட பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஹெரால்டு_தெரு

அண்ணன் சொன்னதில் கடைசி வரி தவிர எல்லாம் சரி. ரேஸ் வண்டிக்கு அட்வான்ஸ் வேண்டாம், ஈசிஆரில் மரக்காணம் பக்கம் நிதானமாகப் போகிற வண்டிக்குக் கட்டாயம் வேண்டும். பாதி த்ராட்டிலில் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும், அதற்கு முன்கூட்டியே தீப்பொறி தேவை. அது இல்லாவிட்டால் பெட்ரோலும் வீண், சித்திரை வெயிலில் டெம்பரேச்சரும் ஏறும்.

சிக்கல் என்னவென்றால் டிசிஓஇயில் பொதுவாக அட்வான்ஸுக்கென்று போர்ட் கிடையாது, மேனிஃபோல்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு குழாயிலிருந்து மட்டும் எடுத்தால் துடித்துத் துடித்து வரும், உங்கள் கேஜ் முள் ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம். லேத்தில் கொடுத்து இரண்டு குழாயின் மேல்பக்கத்திலும் ஒவ்வொரு சின்ன நிப்பிள் போடச் சொல்லுங்கள், உள் ஓட்டை 2 மில்லி போதும். கீழ்ப்பக்கம் போட்டால் பெட்ரோல் தேங்கி ஹோஸுக்குள் இறங்கும். இரண்டையும் ஒரு சின்ன அலுமினியக் குப்பியில் சேர்த்து அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரே லைன். டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம் இருப்பதால் இன்ஜினைக் கடந்து போகும் நீளத்துக்கு 3/16 இன்ச் பிரேக் பைப், இரண்டு முனையில் மட்டும் ரப்பர். சிலிகான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் படும் இடத்தில் தாங்காது, நைட்ரைல் ஃப்யூயல் ஹோஸ் வாங்குங்கள். கடல் காற்றுக்கு எஸ்எஸ் கிளிப்.

டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸை இழுக்கும் உங்கள் லூகாஸ் வாக்குவம் டப்பாவில் மூன்று எண் குத்தியிருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாண்டி_ரோட்ஸ்டர்

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பிரீதரைக் கழற்றி டீயின் வாயை அடைத்ததுமே ஸ்லோ பாதி சரியாகிவிட்டது! டப்பாவில் 5-17-10 என்று இருக்கிறது. இது என்ன கணக்கு?

ஹெரால்டு_தெரு

5 இன்ச்சில் இழுக்க ஆரம்பிக்கும், 17 இன்ச்சில் முழுக்க இழுக்கும், டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி, அதாவது கிராங்கில் 20. உங்களுக்கு ஸ்லோவில் வருவது 11. அதனால் டப்பா பாதி வழியில் நின்று ஆடுகிறது, வாக்குவம் கொஞ்சம் குறைந்தால் டைமிங் இறங்கும், டைமிங் இறங்கினால் வாக்குவம் இன்னும் குறையும், இப்படியே சுற்றிச் சுற்றி வரும். லீக்கெல்லாம் அடைத்த பிறகு கேஜ் மறுபடி பாருங்கள், அந்த அளவுக்கு 2 இன்ச் கீழேயே முழுக்க இழுத்து முடிக்கும் டப்பாவாகத் தேடுங்கள். டைமிங் வைக்கும்போது ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு வையுங்கள், மாட்டியதும் ஸ்லோ ஏறும், அதை ஸ்க்ரூவில் இறக்கிக்கொள்ளலாம்.

ஓடி_அம்பாசடர்

அட்வான்ஸ் விஷயத்தில் அவர் சொல்வது நியாயம், அப்படியே செய்யுங்கள் தம்பி. தேவையில்லாத நிப்பிளை ரப்பர் மூடி போட்டு விடாதீர்கள், சூட்டில் வெடித்துவிடும், பித்தளை பிளக் முறுக்குங்கள். ரோட்டில் எடுப்பதற்கு முன் இன்ஜினை நிறுத்தி பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், ஒன்-வே வால்வைத் திருப்பி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.