முழங்காலுக்கு டி2 மேப்பிங் (குருத்தெலும்பின் நிலையை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை) எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் அக்காவுக்கு 41 வயது, பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு வருடமாகப் படி இறங்கும்போது வலது முழங்காலில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். அது குறைவதற்குள் தேய்மானம் முற்றிவிடும்.

சரி என்று எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். கிழிசல் எதுவும் இல்லை. அதற்கும் முந்தைய நிலையை டி2 மேப்பிங் காட்டும் என்கிறார் எங்கள் எலும்பு டாக்டர். கொலாஜன் வலை குலைந்து குருத்தெலும்பில் நீர் கூடும்போது டி2 அளவு (எம்.ஆர்.ஐ. சிக்னல் மங்க எடுக்கும் நேரம்) ஏறுமாம். அமெரிக்காவில் 4,796 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற மூட்டுத் தேய்மான ஆய்விலும் 3 டெஸ்லா காந்த சக்தியுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இதை எடுத்திருக்கிறார்கள்.

மதுரையில் நான் கேட்ட இரண்டு ஸ்கேன் சென்டர்களிலும் இல்லை என்றுவிட்டார்கள். சென்னை, கோவைப் பக்கம் எங்கே எடுக்கிறார்கள்? எவ்வளவு செலவானது? ஸ்கேனுக்கு முன் கொஞ்ச நேரம் நடக்காமல் உட்கார வைத்தார்களா? நடந்தாலே அளவு மாறும் என்பதால் கேட்கிறேன்.

அப்புறம், ரேடியாலஜி தெரிந்தவர்களிடம் ஒன்று: ஒரே ஸ்கேனை வைத்து முடிவு சொல்லலாமா, இல்லை அதே இயந்திரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டுமா? அக்கா இந்த வயதிலேயே மைதானத்தை விட்டு ஒதுங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.