'சானல்' என்பதற்கு 'ஒலிக்கால்': ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுச் சூழொலிக் கருவியைக் கணினியோடு இணைப்பதற்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதிவரும் நான், ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனித்தனியே செல்லும் ஒலியைக் குறிக்கும் 'சானல்' (channel) என்னும் சொல்லில் வந்து நிற்கிறேன். இதற்கு ஈடாக நம் குழுவின் முந்தைய மடல்களில் சொல்லப்பட்ட 'அலைவரிசை' தொலைக்காட்சிக்கு வழங்கி நிலைத்துவிட்டது. கம்பிக்குள் செல்லும் ஒலிக்கு அது பொருந்தாது. 'தடம்' என்பதை 'டிராக்' என்பதற்கு ஆள்கிறோம்; ஒரே தடத்துக்குள் இடம், வலம் என இரண்டு சானல்கள் இருக்கக்கூடும் என்பதால் அதையும் எடுக்க இயலவில்லை.

நாகர்கோவிலில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி, ஒளியிழைக் கம்பியால் கணினியை ஹோம் தியேட்டரில் இணைத்திருந்தார். திரைப்படம் ஓடும்போது எல்லா ஒலிபெருக்கிகளும் ஒலித்தன. விளையாட்டைத் திறந்தால் நடுவிலுள்ளதும் பின்னிரண்டும் ஊமையாயின. கம்பி பழுது என்றே அவர் கருதினார். நான் சானல் கணக்கைச் சொல்லத் தொடங்கியதும், தோவாளையில் வயல் வைத்திருக்கும் அவர், "நம்ம தோவாளைச் சானல் மாதிரியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே எனக்குச் சொல் கிடைத்தது. இம்மாவட்டத்தில் சானல் என்றால் முதலில் பாசனக் கால்வாய்தான். அதற்குப் பழைய பெயரான 'கால்' இன்றும் வாய்க்காலிலும், பறளியாற்று நீரைப் பழையாற்றுக்குக் கொண்டுவரும் பாண்டியன் கால் என்ற பெயரிலும் வாழ்கிறது. ஆகவே 'ஒலிக்கால்' என்பதை முன்மொழிகிறேன்.

இச்சொல்லை வைத்துக்கொண்டால் அண்ணாச்சி வீட்டுச் சிக்கலைத் தெளிவாக எழுத முடிகிறது. ஒளியிழைக் கம்பி, சுருக்காத ஒலியாயின் இரண்டு ஒலிக்கால்களுக்கே இடந்தரும். டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கிய படத்தின் ஒலியோ, ஆறு ஒலிக்கால்களையும் ஒரே ஓடையாக (stream) அடக்கிக் கொண்டுவர, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவர் அதை மடைமடையாகப் பிரித்து விடுகிறது. விளையாட்டின் ஒலி அந்தந்தக் கணத்தில் பிறப்பதால், உடனுக்குடன் சுருக்கித் தரும் வசதி கணினியில் இல்லையெனில் இரண்டாகவே வெளிவரும். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுசெல்லும் ஹெச்.டி.எம்.ஐ. கம்பி வழியே சுருக்காத எட்டு ஒலிக்கால்களும் செல்லும். கணினியின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஒலித்துளைகளில் மூன்று கம்பிகளைச் செருகினால், கம்பிக்கு இரண்டாக ஆறு கிடைக்கும். 'ஓடை'யும் 'ஒலிக்கா'லும் வேறுவேறு என்பதே இங்கு உயிர்நாடி. இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டால் இந்த விளக்கம் முழுவதும் குழம்பிவிடும்.

ஒரு தடையை நானே சொல்லிவிடுகிறேன். வெறும் 'கால்' என்றெழுதினால், இந்த ஆறு ஒலிக்கால் அமைப்பைக் குறிக்கும் 5.1 என்பதை 'ஐந்தேகால்' என வாசிக்க நேரும். எனவே எங்கும் முழுச்சொல்லாகவே ஆள வேண்டும். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று பத்தில் ஒரு பங்கைக் குறிப்பதன்று. ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிக்கென ஒதுக்கிய தனி வழி அது. அதனைத் 'தாழொலிக்கால்' எனலாம்.

ஆறு ஒலிக்கால்களை இரண்டாகக் கலந்து தலையணி ஒலிப்பான்களுக்கு அனுப்பும் செயலுக்கு 'கால்சேர்ப்பு' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு நிறைவில்லை. பொருத்தமான சொல் தோன்றினால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.