ஒற்றை அடுக்கை அழுத்தினால் எது நெருங்கும்?

மெல்லடுக்கு:
அடுக்கடுக்கான படிகமான மாலிப்டினம் டைசல்ஃபைடைப் போதுமான அழுத்தத்தில் வைத்தால் குறைக்கடத்தி உலோகமாகிவிடும் என்று படித்தேன், அடுக்குகள் நெருங்குவதுதான் காரணமாம். சரி, பல அடுக்கு இருந்தால் புரிகிறது. ஒரே ஒரு அடுக்கை உரித்து டைமண்ட் ஆன்வில் செல்லில் (இரண்டு வைர முகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கும் கருவி) வைத்தால்? நெருங்கப் பக்கத்தில் இன்னொரு அடுக்கே இல்லையே, அப்புறம் அழுத்தம் எதைத்தான் மாற்றும்? ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

இடைவெளி:
பல அடுக்கிலிருந்தே தொடங்குகிறேன். அடுக்குக்குள் வலுவான சகப்பிணைப்பு, அடுக்குகளுக்கு நடுவே வெறும் வாண்டர்வால்ஸ் விசை என்ற பலவீனமான ஈர்ப்பு. கிராஃபைட்டில் அடுக்குத் தளத்தின் விறைப்பு 1000 கிகாபாஸ்கலைத் தாண்டும், குறுக்குவாட்டில் 40-ஐக்கூட எட்டாது. அதனால் அழுத்தியதும் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த நடுச்சந்துதான். நீங்கள் சொல்லும் பொருளிலும் அப்படித்தான், எதிரெதிர் அடுக்குகளின் கந்தக அணுக்கள் நெருங்க நெருங்க எலக்ட்ரான் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) சுருங்கி, ஏறக்குறைய 19 கிகாபாஸ்கலில் மூடிக்கொள்கிறது, அதாவது உலோகமாகிறது.

ஒற்றை அடுக்கில் தொடக்கம் நேர்மாறு: ஆற்றல் இடைவெளி கூடுகிறது! ஒற்றை அடுக்கு என்றாலும் அது கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூன்று அணுத்தளம். பிணைப்புகள் குறுகுவதால், ஒளி பட்டதும் அடுக்கு திருப்பி விடும் ஒளிர்வு நீலப் பக்கம் நகர்கிறது, இன்னும் அழுத்தினால் நேரடி இடைவெளி (எலக்ட்ரான் நேராகவே ஒளி உமிழ்ந்து இறங்கும் வகை) மறைமுகமாக (இறங்க அணு அதிர்வின் உதவியும் தேவைப்படும் வகை) மாறி ஒளிர்வு மங்கிவிடும்.

மாணிக்கத்துகள்:
மேலே சொன்னது சரி, ஆனால் அடுக்கு எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். தனி அடுக்கு தன்னிஷ்டத்துக்குச் சுருங்காது, அடியில் உள்ள தளம் எவ்வளவு சுருங்குகிறதோ அதுவும் அவ்வளவுதான் சுருங்கப் பார்க்கும். சிலிக்கான் துண்டின்மேல் வைத்தால் 11, 12 கிகாபாஸ்கல் வாக்கில் சிலிக்கானே படிக அமைப்பு மாறி உலோகமாகிவிடும், நீங்கள் அளப்பது அடுக்கையா தளத்தையா என்றே தெரியாது. நான் முதல் தடவை இதில்தான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

அழுத்த ஊடகமும் (மாதிரியைச் சூழ்ந்து அழுத்தத்தைக் கடத்தும் திரவம்) முக்கியம். மெத்தனால்-எத்தனால் கலவை 10 கிகாபாஸ்கல் வரை நன்றாக இருக்கும், அதற்கு மேல் இறுகிவிடும். அழுத்தத்தை அளக்க உள்ளே வைக்கும் ரூபித் துகளின் ஒளிர்வில் 694 நானோமீட்டர் அருகே கூர்மையாக இரண்டு வரி தெரியும். அவை அகன்று ஒன்றோடொன்று கலக்க ஆரம்பித்தால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இல்லை என்று அர்த்தம், அந்தப் புள்ளிகளை நம்பாதீர்கள்.

சுழல்:
எனக்குப் பிடித்தது குரோமியம் டிரை அயோடைடு என்ற அடுக்குக் காந்தப் பொருள். இரண்டே அடுக்கில் காந்தத்திசை ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும், 2 கிகாபாஸ்கல் அளவில் அழுத்தினால் அடுக்குகள் பக்கவாட்டில் நழுவி வேறு அடுக்கமைப்புக்குப் போய், திசை இரண்டும் ஒன்றாகிவிடும். அழுத்தத்தை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும் (2019-ல் வந்த முடிவு). ஆக, நெருங்குவது மட்டுமல்ல, நழுவுவதும் உண்டு.

மெல்லடுக்கு:
மூன்று அணுத்தளம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சிலிக்கானை விட்டுவிட்டு நேராக வைர முகத்திலேயே அடுக்கை ஒட்டிப் பார்க்கிறேன். பக்கத்திலேயே இரண்டடுக்குத் துண்டும் வைத்தால் ஒரே அழுத்தத்தில் இரண்டையும் ஒப்பிடலாம் அல்லவா?

மாணிக்கத்துகள்:
தாராளமாக. ரூபித் துகளை இரண்டுக்கும் பக்கத்தில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம்.