மறுமொழி: ‘நோயாளி மையப் பராமரிப்பு’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

நீரிழிவுத் துண்டறிக்கையில் ‘patient-centred care’ என்பதற்கு இங்கு முன்மொழியப்பட்ட ‘நோயாளி மையப் பராமரிப்பு’ என்னும் தொடரை என்னால் ஏற்க இயலவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டியபோது, “டயாலிசிஸ் மையமா தம்பி? நான் இன்னும் அந்த நிலைக்குப் போகலையே” என்றார். நம் நாட்டில் ‘மையம்’ என்றால் கட்டடம்தான்.

பொருளும் பொருந்தவில்லை. 2001இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) நல்ல மருத்துவத்துக்கு வகுத்த ஆறு இலக்குகளுள் இதனையும் சேர்த்தபோது, நோயாளியின் விருப்பமும் தேவையும் அவர் மதிப்பவையுமே சிகிச்சை முடிவுகளை வழிநடத்த வேண்டும் என்றது. ‘மையம்’ என்பதிலோ அவர் நடுவில் படுத்திருக்கிறார்; முடிவெடுப்பவர்கள் சுற்றி நிற்கிறார்கள்.

அதே பெரியவர் செம்பனை ஆலையில் இரவுக் காவல் பார்ப்பவர். ‘இரவு உணவுக்கு முன்’ என்று அட்டையில் இருந்ததால் கலப்பு இன்சுலினை ஏழு மணிக்கே போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியைப் பத்து மணிக்குத்தான் திறப்பார். இடையில் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். ஊசியின் அளவை மாதக்கணக்கில் மாற்றிப் பார்த்தார்கள். “ஐயா, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று புதிதாக வந்த தாதி கேட்ட பிறகே காரணம் புலப்பட்டது.

அந்தக் கேள்விக்குத்தான் நமக்குப் பெயர் தேவை. ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ என்ற குறள் (949) நோயின் அளவுக்கு முன்பே நோயுற்றவரின் அளவை வைக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு (HbA1c) பொதுவாக 7 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டுமென்றாலும், முதியவருக்கும் சர்க்கரை அடிக்கடி தாழ்பவருக்கும் 8 வரை தளர்த்துவது இதன்பாற்பட்டதே. ஆனால் ‘உற்றார்’ என்று எழுதினால் இன்று உறவினர் என்றே கொள்வர்.

ஆகவே ‘ஆளறிந்த பராமரிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். ‘ஆள் பார்த்து’ச் செய்வது பாரபட்சம், ‘ஆளறிந்து’ செய்வது அதுவன்று. பிரட்டுக்களத்தில் (தோட்டத் தொழிலாளரைக் காலையில் கணக்கெடுக்கும் இடத்தில்) தலை எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு ‘ஆள்’ என்பது உறுத்தலாம். எனக்கும் சற்று உறுத்தவே செய்கிறது. அவ்வாறு கருதுவோர் ‘நோயாளியை அறிந்த பராமரிப்பு’ என நீட்டிக்கொள்ளட்டும். நோயாளிக்குப் பதிலாக ‘நோயர்’ மட்டும் வேண்டாம்: முதலாளி, தொழிலாளி போல நோயாளியிலும் ‘ஆள்’ (ஆளுதல்) என்னும் வினை இருக்கிறது, நாள்பட்ட நோயை அன்றாடம் ஆள்பவரும் அவர்தாம்.

மாற்றுச் சொல் உடையோர் அச்சுக்கு அனுப்புமுன் எழுதுங்கள்.