மோஸ்ட் வான்டட் (2005): போலீஸ் பக்கமே போகாமல் பிளாக்லிஸ்டில் மேலே ஏற முடியுமா?

புதுச்சக்கரம்

நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், அந்தப் பழைய 2005 கேமைத்தான் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறேன். அதே வரிசையில் இதற்கு முன் வந்த அண்டர்கிரவுண்ட் 2 முடித்த கையோடு வந்ததால் சில விஷயங்கள் பிடிபடவில்லை. வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் மோட் கண்ணிலேயே படவில்லை, இதில் இல்லவே இல்லையா? ஸ்பீட் டிராப் ரேஸில் முதலில் வந்து சேர்ந்தாலும் தோற்றதாகக் காட்டுகிறதே, ஏன்? அப்புறம் பிளாக்லிஸ்ட் (ஒவ்வொருவராக ஜெயிக்கவேண்டிய ரேஸர்களின் பட்டியல்) ஆளோடு மோத ரேஸ் ஜெயித்தது போதாதென்று மைல்ஸ்டோன் (போலீஸ் துரத்தலில் முடிக்கவேண்டிய இலக்குகள்), பவுண்டி (துரத்தலில் சேரும் புள்ளிகள்) என்று வேறு கேட்கிறது. எனக்கு ரேஸ்தான் பிடிக்கும். போலீஸ் வேலையைத் தொடாமல் மேலே போக வழி இருக்கிறதா?

நான்காம்கியர்

டிரிஃப்ட் இதில் கிடையாது. அடுத்த வருடம் வந்த கார்பனில்தான் திரும்பவும் சேர்த்தார்கள்.

சர்க்யூட், ஸ்பிரின்ட் உங்களுக்குத் தெரிந்தவைதான். லேப் நாக்அவுட்டில் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக வருபவர் வெளியே. டோல்பூத்தில் எதிராளியே இல்லை, நேரத்தோடுதான் போட்டி. ஒரு சாவடியில் மிச்சம் பிடிக்கும் நொடிகள் அடுத்ததற்கும் உதவும், அதனால் தொடக்கத்திலேயே வேகத்தைக் கூட்டிவிடுங்கள்.

ஸ்பீட் டிராப்பில் கேமராக்கள் ஒவ்வொன்றையும் எவ்வளவு வேகத்தில் தாண்டினீர்கள் என்பதைக் கூட்டித்தான் வெற்றி தோல்வி. முன்னால் ஓடிக்கொண்டே இருந்து கேமரா இருக்கும் இடத்தில் சுவரில் உரசினால் அந்த எண்ணிக்கை அடிவாங்கிவிடும். திடீர் வேகம் தரும் நைட்ரோவை நேர்ச்சாலையில் ஆளை முந்துவதற்கு வீணாக்காமல், கேமரா நெருங்கும்போது அழுத்துங்கள். இந்த ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் ஜெயித்துவிடலாம்.

மஞ்சள்வெயில்

போலீஸ் இல்லாமல் முடியாது. ரேஸ் வெற்றி, மைல்ஸ்டோன், பவுண்டி மூன்றும் சேர்ந்தால்தான் அடுத்த பிளாக்லிஸ்ட் ஆள் கதவைத் திறப்பான். ஆனால் அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள், இந்த கேமின் உயிரே அந்தத் துரத்தல்தான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கக் காரணம் சர்க்யூட் ரேஸ் இல்லை.

ஹீட் லெவல், அதாவது போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் துரத்தும் என்ற அளவு, வண்டிக்கு வண்டி தனித்தனி. ஏற ஏற சாலைத் தடுப்பு, ஆணிப்பட்டை, நேராக வந்து மோதும் கனமான எஸ்யூவிகள், ஹெலிகாப்டர், கடைசியில் அதிவேக கார்வெட் போலீஸ் கார்கள் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பெயின்ட், பாடி கிட், ரிம் மாற்றினால் ஹீட் இறங்கும். மினிமேப்பில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் அது பர்சூட் பிரேக்கர். பெட்ரோல் பங்க்கோ டோனட் கடையின் ராட்சதப் பொம்மையோ, இடித்துவிட்டுப் போனால் பின்னால் வரும் வண்டிகள் மேல் சரியும். எஸ்யூவி எதிரே வரும்போது ஸ்பீட்பிரேக்கர் பட்டனை அழுத்துங்கள், நேரம் மெதுவாகி ஒதுங்க அவகாசம் கிடைக்கும்.

முக்கியமாக, தப்பித்தால்தான் அந்தத் துரத்தலின் பவுண்டி கணக்கில் சேரும். மாட்டினால் அது போச்சு, அபராதமும் கட்டவேண்டும், வண்டிக்கு ஒரு ஸ்டிரைக்கும் விழும் (அது நிறைந்தால் வண்டியே பறிபோகும்). அதனால் மைல்ஸ்டோன் நிறைந்ததும் பேராசைப்படாமல் தப்பிக்கும் வேலையைப் பாருங்கள். போலீஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் கூல்டவுன், அதாவது தேடல் ஓயும்வரை காத்திருக்கும் நேரம், தொடங்கும், அப்போது மேப்பில் காட்டும் மறைவிடத்தில் போய் நின்றால் சீக்கிரம் முடியும். போலீஸ் ரேடியோவையும் காது கொடுத்துக் கேளுங்கள், தடுப்பு போடப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

புதுச்சக்கரம்

ஸ்பீட் டிராப் இப்போது புரிந்துவிட்டது, நன்றி. டிராக் (drag) ரேஸில் பாதி வழியில் இன்ஜின் புகைந்து போகிறதே, அது எதனால்? பிளாக்லிஸ்ட் ஆளை ஜெயித்த பிறகு வரும் அட்டைகளில் எதை எடுப்பது?

ராக்போர்ட்வாசி

டிராக்கில் ஸ்டியரிங்கைப் பெரும்பாலும் கேமே பார்த்துக்கொள்ளும், நீங்கள் லேன் மாற்றுவதும் கியர் போடுவதும்தான். இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டேகோமீட்டரின் முள் சிவப்புக்குள் போன பிறகும் கியர் மாற்றாமல் அழுத்திப் பிடித்தால் இன்ஜின் போய்விடும். கூடவே எதிர் வண்டியில் நேராக மோதினாலும் ரேஸ் அங்கேயே முடிந்தது. டேகோமீட்டரிலேயே கண்ணை ஒட்டவைக்காமல் தூரத்துச் சாலையையும் பாருங்கள்.

அட்டைகளில் இரண்டு எடுக்கலாம். மூடியிருப்பவற்றில் ஒன்று பிங்க் ஸ்லிப், அதாவது தோற்றவனின் வண்டியே உங்களுக்கு. நான் எப்போதும் அதைத் தேடித்தான் போவேன், ஏனென்றால் அந்த வண்டி ஏற்கெனவே நன்றாக டியூன் செய்தே வரும், உங்கள் காசும் மிச்சம். கைது ஆனால் வெளியே வர உதவும் அட்டையும் பின்னால் கைகொடுக்கும், அதைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம்.

இன்னொன்று, சேலஞ்ச் சீரிஸ் என்று தனியாக 68 சவால்கள் உண்டு. எல்லாமே டோல்பூத் அல்லது துரத்தல், வண்டியையும் அவர்களே கொடுப்பார்கள். கரியர் என்ற முக்கிய ஆட்டத்தில் போலீஸிடம் மாட்டி வண்டியை இழக்கப் பயமாக இருந்தால் முதலில் அங்கே பழகுங்கள், அங்கே எதுவும் பறிபோகாது. 2012-இல் இதே பெயரில் வந்தது வேறு கேம், வேறு ஊர், அதன் குறிப்புகளைத் தேடிப் படித்துக் குழம்பவேண்டாம்.