1881இல் அந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டாரா?

ஏடுதேடி:
இங்கிலாந்துக் கிராமப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வாழ்க்கையை, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை மட்டும் வைத்துத் தொகுத்து வருகிறேன். 1851இல் ஆறு வயது, பள்ளிக்குப் போகும் குழந்தை. 1861இல் 16 வயது, மாணவ ஆசிரியை, அதாவது பள்ளியில் கற்பித்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சி பெறுபவர். 1871இல் 25 வயது, பள்ளி ஆசிரியை, வேறு ஊரில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார். 1881இல் பள்ளிக்கூட வீட்டில், தலைமையாசிரியரின் மனைவி. தொழில் கட்டம் காலி. அதற்குப் பிறகும் காலிதான். திருமணத்தோடு கற்பிப்பதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

கருக்கல்:
எனக்கு உண்டு. கட்டம் காலி என்றால் வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. அந்தக் காலக் கணக்கெடுப்பில் மனைவிமார் கணவனோடு சேர்ந்து செய்த வேலையும், பகுதி நேர வேலையும் ஏராளமாக விடுபட்டிருக்கின்றன. கணவர் பெயருக்கு நேரே தொழிலை எழுதிவிட்டால் வீட்டின் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே பள்ளிக்கு வேலைக்குக் கேட்கும் விளம்பரங்கள் அன்றைய செய்தித்தாள்களில் சாதாரணம்.

ஏடுதேடி:
அது பொதுவாகச் சரி. ஆனால் இவர் விஷயத்தில் ஆதாரம் எங்கே? நான் ஏட்டில் இருப்பதை எழுதுகிறேன், நீங்கள் இல்லாததை நிரப்பச் சொல்கிறீர்கள். இப்படித்தான் வாழ்க்கை வரலாறுகள் கதையாகிப் போகின்றன.

கருக்கல்:
‘நிறுத்திவிட்டார்’ என்பதும் நிரப்பியதுதான். ஏட்டில் அந்தச் சொல் இல்லை. பத்தாண்டுக்கு ஓர் இரவு, அவ்வளவுதான் அந்த ஏடு. 1871 ஏப்ரல் 2, அப்புறம் 1881 ஏப்ரல் 3. நடுவில் பத்து வருடம் அவர் என்ன செய்தார் என்று அது சொல்லவே இல்லை. வயதைக்கூட நம்ப முடியாது. 1881இல் என்ன வயது போட்டிருக்கிறது?

ஏடுதேடி:
33. 1851, 1861 ஏடுகளின்படி 36 இருக்க வேண்டும். மூன்று வயது குறைகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

நூற்கண்டு:
இடையில் வருகிறேன். இருவரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. 1881 ஏட்டை எழுதியது யார்? வீடுகளில் நிரப்பிய படிவங்கள் அப்போது பாதுகாக்கப்படவில்லை. நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் எடுத்த நகல். வீட்டுத் தலைவரின் சொந்தக் கையெழுத்து நமக்குக் கிடைப்பது 1911 முதல்தான். கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று பள்ளி ஆசிரியரையே கணக்கெடுப்பாளராகப் போடுவது வழக்கம். புத்தகத்தின் முன்பக்கங்களில் பெயர் இருக்கும், பாருங்கள்.

ஏடுதேடி:
பார்த்தேன். அவர் கணவர்தான். இத்தனை மாதமாக அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் இது என் வாதத்துக்குத்தானே வலு? மனைவி வேலை செய்தாரா இல்லையா என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

கருக்கல்:
தெரிந்தவர் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தமே. தன் பெயருக்கு ‘பள்ளி ஆசிரியர்’ என்று எழுதிய அதே பேனா அடுத்த வரியில் நின்றுவிட்டது.

நூற்கண்டு:
பள்ளியின் அன்றாட நிகழ்வுகளைத் தலைமையாசிரியர் எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பாருங்கள். 1862இல் வந்த திருத்திய விதிகளின்படி அரசு மானியம் வாங்கும் பள்ளிகள் குறிப்பேடு வைக்க வேண்டும். மானியமோ வருகையையும் ஆய்வாளர் தேர்வையும் பொறுத்தது. அதனால் அறுவடைக்குப் போன பிள்ளைகள், அம்மை, மழை என்று வராததற்கான காரணமெல்லாம் அதில் வந்துவிடும். அதே விதிகள் பெண் பிள்ளைகளுக்குத் தையலைக் கட்டாயமாக்கின. தலைமையாசிரியர் ஆணாக இருந்த சிற்றூர்ப் பள்ளிகளில் அந்த வகுப்பைப் பெரும்பாலும் அவர் மனைவிதான் எடுத்தார்.

ஏடுதேடி:
மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அந்தப் பள்ளியின் குறிப்பேடு இருந்தது. படம் அனுப்பினார்கள். 1881 பிப்ரவரியில் ஒரு வரி: ‘என் மனைவி வழக்கம்போலத் தையல் வகுப்பு எடுத்தார், சிறுவர் வகுப்பையும் பார்த்துக்கொண்டார்.’ கணக்கெடுப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த ‘வழக்கம்போல’வைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கருக்கல்:
13 வயதில் மாணவ ஆசிரியையாகச் சேர்ந்து ஐந்து வருடம் பயின்றிருப்பார். அந்தத் திட்டம் 1846இல் தொடங்கியபோது உதவித்தொகை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டில் ஆரம்பித்து இருபதுவரை போனது. அவ்வளவு பயிற்சி பெற்றவரின் வேலை கணவரின் குறிப்பேட்டில் ‘என் மனைவி’ என்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெயர்கூட இல்லை.

ஏடுதேடி:
பெயர் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் குறிப்பேட்டின் ‘மனைவி’ யார் என்றே தெரிந்தது. ஏட்டைக் குறைத்துப் பேசாதீர்கள். 1911 படிவத்தில் இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தைகள், உயிரோடிருப்பவர்கள் என்ற கேள்வி மணமாகி வாழும் பெண்களுக்கு மட்டும். இவர் விதவை, பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு, நான்கு என்று எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் யாரோ அடித்திருக்கிறார்கள். கோட்டுக்கு அடியில் எண் தெளிவாகத் தெரிகிறது.

நூற்கண்டு:
அது அவர் கையெழுத்து என்று உறுதியா?

ஏடுதேடி:
கீழே கையொப்பம் அவருடையது. எழுத்தும் அதேதான். ‘நிறுத்திவிட்டார்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். 1881இல் கட்டம் காலி, அதை எழுதியவர் கணவர், அதே ஆண்டுக் குறிப்பேட்டில் இவர் வகுப்பு எடுக்கிறார் என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். 1891க்குக் குறிப்பேடு இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை அந்தக் கட்டத்தைக் காலி என்று மட்டும்தான் எழுதுவேன். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கருக்கல்:
சரி, 1891 வரட்டும். அப்போது திரும்பவும் சண்டை போடலாம்.